தாய்மைக்கும் ஆங்கிலத்தில் ஒப்பமா?

மாரண்டஅள்ளியில் அரை ஏக்கர் வானம் பார்த்த நிலம் கைமாறினாலும் அதற்குரிய ஆவணம் தமிழில் எழுதப்படுகிறது. நான்கு எல்லைகளும் தமிழில் குறிக்கப்படுகின்றன. விற்பவர் படித்துப் பார்க்கிறார். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டப்படுகிறது. அதன் பின்னரே ஒப்பம் இடப்படுகிறது. ஆனால், அதே ஊரைச் சேர்ந்த பெண்ணொருத்தி பிள்ளைப்பேறு வேண்டித் தன் உடலையே மருத்துவர் கையில் ஒப்படைக்கும்பொழுது, அவள்முன் நீட்டப்படும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பக்கத்திற்கொரு கோடு, கோட்டின்மேல் ஓர் ஒப்பம். "இங்கே போடுங்கள், அங்கே போடுங்கள்" என்று விரல் காட்டுவதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. நிலத்திற்கு நான்கெல்லை உண்டு. அவள் உடலுக்கு எல்லையே இல்லையா?

தகடூரை ஆண்ட அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியை அறியாத தமிழரில்லை. கனியின் நன்மையைத் தன் உள்ளத்துள் மறைத்துக்கொண்டு அவன் ஈந்தான். அவன் ஆண்ட அதே மண்ணின் பெண்களுக்கு இன்று, மருந்தின் தீங்கை மறைத்துக்கொண்டு விற்கிறார்கள். கொடைக்கும் வணிகத்திற்கும் உள்ள வேறுபாடு இதனினும் தெளிவாக விளங்க வேண்டுமா?

செயற்கைமுறைக் கருத்தரிப்பை எதிர்ப்பது இங்கு நோக்கமன்று. அறிவியல் எவர்க்கும் பொதுவுடைமை. பிள்ளையில்லாக் குறையால் நைந்துபோன எத்தனையோ இல்லங்களில் அது விளக்கேற்றியிருக்கிறது. எதிர்க்க வேண்டியது, அறியாமையை முதலாக வைத்து நடக்கும் வணிகத்தையே. அறியாமையை வளர்க்கும் கருவிகளுள் முதன்மையானது அயன்மொழித் தாள்.

தமிழில் சொல்ல இயலாதது எது?

"இவையெல்லாம் உயர்ந்த மருத்துவம், தமிழில் சொன்னால் விளங்காது" என்பார் உளர். அவர்கள் சொல்வது மெய்தானா என்பதைச் சொல்லிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

ஓராண்டுக்காலம் தடையின்றிக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையெனில் ஆய்வு தேவை. பெண்ணின் அகவை 35-ஐக் கடந்திருந்தால் ஆறு திங்களே போதும். பெண்ணுக்குக் குருதி ஆய்வும், ஒலியலைப் படமும், கருக்குழல் அடைபட்டிருக்கிறதா என்னும் ஆய்வும் நடக்கும். ஆணுக்கு விந்து ஆய்வு; அதற்குமுன் இரண்டு முதல் ஏழு நாள் வரை உடலுறவின்றி இருத்தல் வேண்டும். எளிய மருந்தாலோ சிறிய அறுவையாலோ தீரும் குறையெனில் அங்கேயே தீர்த்துவிடலாம்; எல்லார்க்கும் செயற்கைமுறை தேவைப்படுவதில்லை.

தேவையென முடிவானால், விலக்கான இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ ஊசிகள் தொடங்கும். இயல்பாக ஒரு திங்களில் ஒரு கருமுட்டையே முதிரும். இவ்வூசிகளால் பல முட்டைகள் ஒருங்கே முதிர்விக்கப்படுகின்றன. எட்டு முதல் பதினான்கு நாள் வரை, நாள்தோறும் வயிற்றுத் தோலடியில் ஊசி போடப்படும். இடையிடையே ஒலியலைப் படமும் குருதி ஆய்வும் உண்டு. வயிறு உப்பும், மார்பு நோகும், உள்ளம் காரணமின்றிச் சினக்கும், அழும். இது மருந்தின் விளைவேயன்றி அவள் குணக்கேடன்று என்பதைக் கணவனும் மாமியாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முட்டைகள் முதிர்ந்ததும் இறுதி ஊசி ஒன்று குறித்த மணியில் போடப்படும். மணி தவறினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அதன்பின் 34 முதல் 36 மணி நேரத்துள், மயக்கமருந்து கொடுத்து, ஒலியலைப் படத்தின் துணையோடு, பிறப்புறுப்பின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பர். அரை மணிக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் அடிவயிற்று வலியும் சிறிது குருதிக்கசிவும் இருக்கலாம்.

எடுத்த முட்டைகளோடு ஆணின் விந்தணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் ஒன்றுசேர்ப்பர். விந்தணுக்கள் குறைவாகவோ வலுவிழந்தோ இருந்தால் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்துவர். 1992-இல் பெல்சிய நாட்டில் கண்டறியப்பட்ட முறை அது. மறுநாளே கரு கூடிற்றா என்பது தெரிந்துவிடும். எல்லா முட்டையும் கருவாவதில்லை. எல்லாக் கருவும் வளர்வதில்லை. பத்து முட்டை எடுத்தவளுக்கு இரண்டோ மூன்றோ நல்ல முளைக்கரு எஞ்சலாம். ஒன்றும் எஞ்சாமலும் போகலாம்.

மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ முளைக்கரு மெல்லிய குழலின் வழியே கருப்பைக்குள் வைக்கப்படும். இதற்குப் பொதுவாக மயக்கமருந்து வேண்டியதில்லை. மிஞ்சியவற்றை நைட்ரசன் நீர்மத்தில், சுழியத்திற்கும் கீழே 196 பாகைக் குளிரில் உறையவைத்துப் பிறகு பயன்படுத்தலாம். கருவை வைத்தபின் பல நாள் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பது மூடக் கருத்து. படுத்துக் கிடப்பதால் பயனில்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. பத்து முதல் பதினான்கு நாள் கழித்துக் குருதி ஆய்வு. கரு தங்கிற்றா இல்லையா என்பது அன்று தெரியும்.

இவ்வளவுதான். இதில் தமிழில் சொல்ல இயலாதது எது? கருமுட்டை, விந்தணு, முளைக்கரு, கருக்குழல், கருப்பை — எச்சொல் புரியவில்லை? புரியவில்லை என்பது பொய். புரியவைக்க விருப்பமில்லை என்பதே மெய்.

மறைக்கப்படுபவை

மேற்கூறியவற்றையாவது அரைகுறையாகச் சொல்லிவிடுகிறார்கள். அறவே சொல்லாமல் விடப்படுபவை இடர்களும் தோல்விகளுமே.

முட்டைகளை முதிர்விக்கும் ஊசி சிலர்க்கு அளவிறந்து வேலைசெய்துவிடும். சூலகம் வீங்கும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், உடலெடை ஓரிரு நாளிலேயே விரைந்து ஏறும், சிறுநீர் குறையும், மூச்சு முட்டும். இக்குறிகள் தோன்றின் அந்நொடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். மாரண்டஅள்ளியிலிருந்து பேருந்தோ தொடர்வண்டியோ ஏறிச் சேலத்திற்கோ பெங்களூருக்கோ சென்று மருத்துவம் பெற்றுத் திரும்பும் பெண், நள்ளிரவில் மூச்சுமுட்டும்பொழுது யாரை அழைப்பாள்? கையில் இருக்கும் தாளில் அக்குறிகள் எழுதப்பட்டுத்தான் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும்! பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தைக்குக் கூடை சுமக்கும் அவள் கணவன் அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவான்?

ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்தால் இரட்டையும் மும்மையும் உண்டாகும். "ஒரே செலவில் இரண்டு பிள்ளை" என்று மகிழ்வோர், அதனால் குறைமகப்பேறும் தாய்க்குக் குருதிக்கொதிப்பும் மிகும் என்பதை அறிவதில்லை. கரு கருப்பையை விட்டுக் குழலில் தங்குவதும் உண்டு; தங்கிய கரு சிதைவதும் உண்டு.

வெற்றி வாய்ப்பைப் பற்றிச் சுவர்தோறும் விளம்பரம் பேசுகிறது. சிரிக்கும் குழந்தையின் படத்தைப் போட்டு, 'கட்டாயம் பிள்ளை' என்னும் தோற்றத்தை உண்டாக்குகிறது. பிரித்தானியாவில் 1991 முதல் இம்மருத்துவத்தைக் கண்காணித்துவரும் தனி ஆணையம் தன் நாட்டுக் கணக்கை மக்கள்முன் வைக்கிறது. அதன் அண்மைக் கணக்குகளின்படி, 35 அகவைக்குட்பட்ட பெண்ணுக்கு, வைக்கப்படும் ஒவ்வொரு முளைக்கருவுக்கும் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 40-ஐக் கடந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. 43-ஐக் கடந்தால் அதனினும் குறைவு. நன்கு முன்னேறிய நாட்டின் நிலையே இது. ஆகவே, முதற்சுற்றிலேயே வெற்றி என்பது பலர்க்கு வாய்ப்பதில்லை. ஒரு சுற்றுக்கு ஓர் இலக்கம் உருபாவுக்கு மேல் செலவாவது இயல்பாகிவிட்ட நாட்டில், இரண்டாம் சுற்றுக்குத் தாலிக்கொடியும் மூன்றாம் சுற்றுக்கு நிலமும் போகின்றன. வாய்ப்பின் அளவை முன்பே தமிழில் கேட்டறிந்திருந்தால், எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை அக்குடும்பமே முடிவு செய்திருக்கும்.

பழி மட்டும் தமிழில்!

இதில் வெட்கித் தலைகுனிய வேண்டியவர் மருத்துவ வணிகர் மட்டுமல்லர். மருத்துவத்தைத் தமிழில் சொல்ல நாவெழாத குமுகாயத்திற்கு, 'மலடி' என்று பழிக்க மட்டும் நல்ல தமிழ் வந்துவிடுகிறது. 'மலடன்' என்னும் சொல்லும் தமிழில் உண்டு. ஆனால், அதை எத்தனை பேர் வாயெடுத்துச் சொல்லக் கேட்டிருக்கின்றனர்? பிள்ளைப்பேறற்ற இணையருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும் கரணியமாக இருக்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அகவை வந்தோருள் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒருகாலாயினும் இக்குறையை எதிர்கொள்கின்றனர். ஆறில் ஒருவர்க்கு வரும் உடற்குறையை முற்பிறப்பின் வினையென்பதும், நல்வினைகளில் அவளை ஒதுக்கி நிறுத்துவதும், மறுமணப் பேச்செடுப்பதும் அறிவுடைமையா?

ஆணுக்குரிய ஆய்வு ஒரு நாளில், ஊசியின்றி, வலியின்றி முடிவது. அதற்கு ஒப்பாத ஆண்மை, மனைவி உடலில் நாற்பது ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் ஆய்வு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே நடத்தப்பட வேண்டும் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் நெறியாகக் கொள்ளுதல் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கருத்தரிப்புத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு, 2022 சனவரி 25 முதல் நடப்புக்கு வந்தது. பதிவு பெறாத நிலையம் இம்மருத்துவத்தைச் செய்யக்கூடாது. மருத்துவம் பெறும் பெண் 21-க்கு மேலும் 50-க்குள்ளும், ஆண் 21-க்கு மேலும் 55-க்குள்ளும் இருத்தல் வேண்டும். வெற்றி வாய்ப்பு, நன்மை, தீமை, செலவு, பக்கவிளைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கரு உண்டாகும் இடர் ஆகியவற்றோடு, பிறர் பெற்ற மகவைத் தம் மகவாக ஏற்கும் வழியையும் நிலையத்தார் எடுத்துரைத்தல் வேண்டும். அறிந்து தரும் எழுத்துவழி இசைவின்றி எதையும் செய்யக்கூடாது.

'அறிந்து' என்னும் அச்சொல்லே சட்டத்தின் உயிர். அறியாத மொழியில் இட்ட ஒப்பம் எங்ஙனம் அறிந்து தந்த இசைவாகும்? 2008-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இங்கு நினைக்கத்தக்கது. நோயறிவதற்கான ஆய்வுக்கு மட்டும் இசைந்து மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கருப்பையும் சூலகங்களும், வெளியிலிருந்த தாயின் ஒப்பத்தைக் கொண்டு அகற்றப்பட்டன. அவ்விசைவு செல்லாதென்றது நீதிமன்றம். மருத்துவத்தின் தன்மை, நோக்கம், மாற்றுவழி, இடர் ஆகியவற்றை நோயாளிக்கே எடுத்துரைக்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

அதனினும் தெளிவானது, கருவின் பாலறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டம். கருவுற்ற பெண்ணின் கருவை ஆயுமுன், அவளுக்கு விளங்கும் மொழியில் எழுத்துவழி இசைவு பெற வேண்டும் என்றும், அதன் படியை அவளிடமே தர வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. வயிற்றிலிருக்கும் கருவை ஆய்வதற்கே தாயின் மொழி வேண்டுமெனில், கருவையே உண்டாக்குவதற்கு அது வேண்டாவா? பெண்மகவுகள் கொல்லப்பட்ட கொடுமையால் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துசேர்ந்த மாவட்டம் தருமபுரி. 'ஆண்கருவாகப் பார்த்து வைக்கிறோம்' என்று எவனேனும் காதோடு சொன்னால், அது குற்றம் என்று உரத்துச் சொல்லும் துணிவு அம்மண்ணின் மக்களுக்கே முதலில் வேண்டும்.

ஏட்டில் உள்ள சட்டம் மக்கள் நாவில் இல்லையெனில் என்ன நேரும் என்பதற்கு ஈரோடு சான்று. 2022 சூன் திங்களில், 16 அகவைச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்ட கொடுமை அங்கு வெளிவந்தது. அகவையைக் கூட்டிக்காட்டப் போலி அடையாள அட்டை உருவாக்கப்பட்டிருந்தது. பெற்ற தாயும், அவளோடு வாழ்ந்தவனும், இடைத்தரகுப் பெண்ணும் தளைசெய்யப்பட்டனர். முட்டை ஈபவள் 23 முதல் 35 அகவைக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே ஈயலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது என்பன அவ்வாண்டுத் தொடக்கம் முதலே சட்டம். அந்தச் சிறுமி அமர்ந்திருந்த கூடத்தின் சுவரில் இம்மூன்று வரிகளும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தால், அருகிலிருந்தோருள் ஒருவரேனும் ஐயுற்றுக் கேட்டிருக்கமாட்டாரா?

குறிப்பேடு காத்த பெருமை

உலகின் முதல் செயற்கைமுறைக் குழந்தை 1978 சூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்தது. எழுபதாம் நாள், அக்டோபர் 3-இல், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகோபாத்தியாயின் முயற்சியால் இரண்டாம் குழந்தை பிறந்தது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. ஆய்வுக்கு வழியில்லாத இடங்களுக்கு மாற்றப்பட்டார். 1981 சூனில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் குழந்தையெனக் கொண்டாடப்பட்டது. பின்னர் 1997-இல், அக்குழந்தையின் பிறப்புக்குத் துணைநின்ற அறிவியலாளர் ஆனந்தகுமாரே, முகோபாத்தியாய் எழுதிவைத்திருந்த குறிப்புகளை ஆய்ந்து, முதன்மை அவர்க்கே உரியதென உலகிற்குச் சொன்னார். எழுதிவைத்த குறிப்பு, இறந்தவனின் பெருமையையும் மீட்டது. மருத்துவம் பெறும் பெண்ணோ, தன் உடலில் எந்த மருந்து எவ்வளவு ஏறிற்று, எத்தனை முட்டை எடுக்கப்பட்டது, எத்தனை கரு உறையவைக்கப்பட்டது என்பதற்கு ஒரு துண்டுத்தாளும் இன்றி வீடு திரும்புகிறாள்!

சொல்லில்லை என்போர்க்கு

'மருத்துவத்திற்குத் தமிழில் சொல்லில்லை' என்று இன்றும் உளறுவோர் ஈழத்தை நோக்குக. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 1847-இல் அங்கு வந்தார், தமிழ் கற்றார், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்று அவர் முயற்சியால் 1857-இலேயே தமிழில் வந்தது. கடல்கடந்து வந்த வெள்ளையர்க்கு வாய்த்த தமிழ், தமிழ்நாட்டில் பிறந்து, தமிழர் வரிப்பணத்தில் படித்து, தமிழர்க்கே மருத்துவம் பார்க்கும் மருத்துவர்க்கு வாய்க்கவில்லையெனின், குறை தமிழிலா இருக்கிறது? தமிழே ஆட்சிமொழி என்று 1956-இல் சட்டம் செய்துகொண்ட நாடு, அம்மொழியை மருத்துவமனை வாயிலிலேயே நிறுத்திவிட்டது.

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டரசு இதற்கெனப் பொதுவான தமிழ் இசைவுப் படிவமொன்றை வரைந்து, பதிவு பெற்ற நிலையங்கள் அனைத்தும் அதையே பயன்படுத்துமாறு ஆணையிடுதல் வேண்டும். ஒப்பமிட்ட படிவத்தின் படியும், மருந்து, முட்டை, கரு ஆகியவற்றின் கணக்கும் அவளிடமே தரப்பட வேண்டும். இடர்க்குறிகளும், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் தமிழில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தன் வெற்றித் தோல்விக் கணக்கை அகவை வாரியாகத் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில், இணையர் தனியார் வாயிலை மிதிக்குமுன் வந்து தமிழில் கேட்டறிய ஓர் அறிவுரை மேசையேனும் அமைதல் வேண்டும்.

அரசு செய்யும் வரை மக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பமிடுமுன் ஒவ்வோர் இணையரும் இவ்வைந்து வினாக்களைக் கேட்க வேண்டும்: எங்களுள் குறை யாருக்கு, என்ன குறை? இதைவிட எளிய வழி உண்டா? எங்கள் அகவைக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு? முழுச்செலவு எவ்வளவு, தோற்றால் அடுத்து என்ன? எந்தக் குறி தோன்றினால் உடனே வரவேண்டும்? இவற்றுக்குத் தமிழில் விடை தராத இடத்தில் ஒப்பமிடாது எழுந்துவிடுதலே அறிவு. எழுத்தறிந்த இளைஞர்கள், மாரண்டஅள்ளியாயினும் பஞ்சப்பள்ளியாயினும் இராயக்கோட்டையாயினும், தத்தம் ஊர்ப் பெண்களுக்கு அத்தாள்களைப் படித்துச் சொல்லும் பணியை மேற்கொள்ள வேண்டும். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவதினும் இப்பணி நூறு மடங்கு உயர்ந்தது.

பிறக்கும் பிள்ளைக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டும் என்று வேண்டுகோள் விடுக்கும் தமிழன்பர்கள், அப்பிள்ளை கருவாகும் இடத்திலேயே தமிழ் துரத்தப்பட்டிருப்பதைக் காணாதிருத்தல் தகாது. தாயின் மொழியில் கேளாமல் தாயின் உடலைத் தொடும் உரிமை எவர்க்கும் இல்லை, இதை உரத்துச் சொல்லுங்கள், ஊரூராகச் சொல்லுங்கள்!